சினை ஊசி மருந்தாகுமா?
உப்பளக் கரையோரக் கறவை மாடுகளும் செயற்கை முறைக் கருவூட்டலும்

விழுப்புரம் மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்துள்ள மரக்காணம் வட்டாரத்தில் உப்பு, மணிலா, சவுக்கு, தர்பூசணி ஆகியவற்றோடு கறவை மாடும் குடும்பங்களைத் தாங்கி வருகிறது. ஜனவரியில் தொடங்கும் உப்பள வேலை வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் மழைநீர்தான் நிற்கும். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இந்த உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் அறிவோம். இத்தகைய மாதங்களில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அன்றாடம் காசு தருவது பாலே ஆகும்.

அந்த மாடு அப்போது கறவையில் இருக்க வேண்டுமானால், அது உரிய காலத்தில் சினை பிடித்திருக்க வேண்டும். ஆனால் நம்மிடம் வரும் முறையீடோ வேறாக இருக்கிறது. "மூன்று முறை சினை ஊசி போட்டாகிவிட்டது, இன்னும் சினை நிற்கவில்லை. ஊசியில் வேகம் இல்லை போலிருக்கிறது" என்கிறார்கள். குறை உண்மையிலேயே ஊசியில்தான் இருக்கிறதா? இதைத் தெளிவாக அறிந்துகொண்டால் மாட்டை மலட்டு மாடு என்று சந்தைக்கு ஓட்டும் இழப்பைப் பல வேளைகளில் தவிர்க்கலாம்.

ஊசி என்ற பெயரால் வந்த குழப்பம்

கிராமங்களில் செயற்கை முறைக் கருவூட்டலைச் சினை ஊசி என்றே அழைக்கிறோம். உண்மையில் இது ஊசியும் அன்று, மருந்தும் அன்று. நோயற்ற பொலிகாளையின் விந்தை உறைய வைத்து, 0.25 மி.லி. கொள்ளும் மெல்லிய குழலில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனில் பாதுகாக்கிறார்கள். மாடு பருவத்துக்கு வரும்போது அதைக் கருப்பையின் வாயைக் கடந்து உள்ளே செலுத்துகிறார்கள். அவ்வளவுதான். காளை செய்ய வேண்டியதை அந்தக் குழல் செய்கிறது. கரு முட்டையை வெளிவரச் செய்யும் ஆற்றலோ, கருப்பைப் புண்ணை ஆற்றும் ஆற்றலோ அதற்கு இல்லை.

நம் நாட்டில் இந்த முறை 1939-ஆம் ஆண்டு மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. 1949-இல் இங்கிலாந்து அறிவியலாளர்கள் கிளிசரின் கலந்தால் விந்தணுக்கள் உறைநிலையிலும் உயிரோடு இருக்கும் என்று கண்டறிந்த பிறகு, எங்கோ இருக்கும் காளையின் விந்து எந்த ஊருக்கும் கிடைக்க வழி பிறந்தது. இன்று தமிழ்நாட்டில் அலமாதி, உதகமண்டலம் முதலிய இடங்களில் உறைவிந்து தயாரிக்கப்படுகிறது.

நேரம் தவறினால் எல்லாம் தவறும்

சினையாகாத பசு சராசரியாக 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். இது 18 முதல் 24 நாட்கள் வரை மாறலாம். பருவ அறிகுறிகள் ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம்தான் நீடிக்கும். அறிகுறிகள் அடங்கி 10 முதல் 12 மணி நேரம் கழித்தே கரு முட்டை வெளிவருகிறது. வெளிவந்த முட்டை அரை நாளுக்கு மேல் கருத்தரிக்கும் நிலையில் இருப்பதில்லை. உள்ளே செலுத்திய விந்தணுக்களும் ஏறக்குறைய ஒரு நாளைக்குள் வலுவிழந்துவிடும். எனவே மிக முன்னதாகக் கருவூட்டினாலும் வீண். மிகத் தாமதித்தாலும் வீண்.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. காலையில் பருவ அறிகுறி தென்பட்டால் அன்று மாலையிலும், மாலையில் தென்பட்டால் மறுநாள் காலையிலும் கருவூட்ட வேண்டும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிரிம்பெர்கர் என்பவர் 1940-களில் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்த இந்த விதி உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

பருவத்தைக் கண்டுகொள்ளும் அறிகுறிகள் வருமாறு:

1. மாடு அடிக்கடி கத்தும், நிலைகொள்ளாமல் இருக்கும், தீனியும் பாலும் குறையும்.

2. அறையிலிருந்து முட்டையின் வெள்ளைக்கரு போன்ற தெளிந்த வழும்பு கம்பியாகத் தொங்கும். வாலிலும் தொடையிலும் ஒட்டியிருக்கும்.

3. அறை சற்றுத் தடித்துச் சிவந்திருக்கும். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிக்கும்.

4. மற்ற மாடுகள் மேலே தாவும்போது விலகாமல் அசையாது நிற்கும். இதுவே மிகவும் நம்பத்தக்க அறிகுறி.

பருவம் முடிந்த ஓரிரு நாட்களில் சில மாடுகளில் வழும்போடு சிறிது இரத்தம் காணப்படும். இதைப் பார்த்துவிட்டுக் கருவூட்ட ஓட்டி வருவோர் உண்டு. இரத்தம் கண்டால் பருவம் கடந்துவிட்டது என்று பொருள். அன்றைய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, 17-ஆம் நாளிலிருந்து மாட்டைக் கவனித்து வாருங்கள். அடுத்த பருவம் பிடிபடும்.

மாட்டை யார் பார்ப்பது?

நம் பகுதிக்கென்று ஒரு தனி இடர்ப்பாடு இருக்கிறது. வெயில் ஏறுமுன் உப்பு வாருவதற்காகப் பொழுது விடியும் முன்பே வீட்டிலுள்ளவர்கள் உப்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். பருவ அறிகுறிகளோ இரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் தென்படுகின்றன. கோடையில் இது இன்னும் கூடுதல். ஒற்றை மாட்டைக் கொல்லையில் கட்டி வைத்திருக்கும் வீட்டில் மேலே தாவ வேறு மாடும் இல்லை. ஆகவே பருவம் வந்ததே தெரியாமல் போகிறது. அல்லது நண்பகலில் வீடு திரும்பிய பின்னர்தான் தெரிகிறது. அது எப்போது தொடங்கியது என்று சொல்ல ஆளில்லை.

இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறையும், உப்பளத்துக்குப் புறப்படும் முன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறையும் மாட்டின் பின்புறத்தைப் பாருங்கள். படுத்திருக்கும்போது வழும்பு தரையில் வடிந்திருக்கும். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் பள்ளி செல்லும் பிள்ளைகளிடமும் அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் பருவம் வந்த தேதி, கருவூட்டிய தேதி இரண்டையும் எழுதுங்கள். 18-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை கட்டம் போட்டு வைத்தால் அந்த ஒரு வாரம் மட்டும் கூடுதல் கவனம் போதும். எருமைகளில் அறிகுறிகள் வெளித்தெரியாத ஊமைப் பருவம் அதிகம் என்பதால் நாட்காட்டி இன்னும் அவசியம்.

ஒரு பருவம் கைநழுவினால் 21 நாட்கள் வீண். அந்த நாட்களின் தீவனச் செலவை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும் பசு ஆறு ஆண்டுகளில் ஆறு கன்றுகள் தரும். ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை ஈனும் பசு நான்கே தரும். இரண்டு கன்றுகளும் இரண்டு ஈற்றுப் பாலும் போயின!

கருவூட்டலே மருந்தாகும் நிலைகள்

நேரம் தவறாமல் மூன்று முறை கருவூட்டியும், ஒழுங்காகப் பருவம் வந்தும், சினை நிற்காத மாட்டைத் தொடர்ந்து சினைப்பிடிக்காத மாடு என்கிறோம். ஒரு முறை கருவூட்டியதும் எல்லா மாடுகளும் சினையாவதில்லை; நல்ல மாடுகளிலும் ஏறக்குறைய பாதி தவறக்கூடும். ஆகவே முதல் முறை தவறியதும் மனம் தளர வேண்டாம். மூன்று முறை தவறினால் நான்காவது முறைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். மூன்று நிலைகளில் கருவூட்டலே சிகிச்சையின் பகுதியாக அமைகிறது.

முதலாவது, காளையால் பரவும் நோய். ஊர்க் காளை பல மாடுகளோடு சேரும்போது கருப்பையைக் கெடுக்கும் நோய்க் கிருமிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும். கருச்சிதைவும் சினைப்பிடிக்காமையும் ஊர் முழுவதும் பரவும். ஐரோப்பிய நாடுகளில் இந்நோய்களை ஒழித்ததில் செயற்கை முறைக் கருவூட்டலுக்குப் பெரும் பங்கு உண்டு. டென்மார்க்கில் உழவர்கள் 1936-லேயே இதற்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். உறைவிந்து நிலையங்களில் காளைகளைக் கருச்சிதைவு நோய், காசநோய் முதலியவற்றுக்குச் சோதித்த பிறகே விந்து எடுக்கிறார்கள். ஆகவே சினை நிற்காத மாட்டை, "காளைக்கு விட்டுப் பார்ப்போம்" என்று ஓட்டிப் போவது அந்த மாட்டுக்கும் கேடு. ஊர் மாடுகளுக்கும் கேடு.

இரண்டாவது, கரு முட்டை தாமதித்து வெளிவருதல். சில மாடுகளில் பருவ அறிகுறி இரண்டு, மூன்று நாட்கள் நீடிக்கும். வழக்கம்போல் ஒரே முறை கருவூட்டினால் முட்டை வருவதற்குள் விந்தணுக்கள் வலுவிழந்துவிடும். இத்தகைய மாட்டுக்கு 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கருவூட்டுவதும், முட்டை வெளிவரத் தூண்டும் ஊசியை மருத்துவர் அதே நாளில் போடுவதும் பலன் தரும். அறிகுறி எத்தனை நாள் நீடிக்கிறது என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னால்தான் மருத்துவர் இதைச் செய்ய முடியும்.

மூன்றாவது, பருவம் வெளித்தெரியாத மாடுகள். இவற்றுக்கு இயக்கு நீர் ஊசிகளைக் குறித்த நாட்களில் போட்டு, பருவ அறிகுறியை எதிர்பாராமல் குறித்த நேரத்தில் கருவூட்டலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1995-இல் உருவாக்கப்பட்ட முறையில் முதல் நாள் ஓர் ஊசி, ஏழு நாள் கழித்து மற்றோர் ஊசி, மேலும் இரண்டு நாள் கழித்து மூன்றாவது ஊசி போட்டு, மறுநாள் கருவூட்டுகிறார்கள். இதில் இரண்டாவதாகப் போடும் ஊசி சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். எனவே சினைப் பரிசோதனை செய்யாமல் எவரும் இதைப் போட இடம் கொடுக்காதீர்கள். கடையில் வாங்கி நீங்களாகப் போடுவதும் கூடாது.

கருவூட்டல் மருந்தாகாத நிலைகள்

வழும்பு தெளிவாக இல்லாமல் கலங்கலாகவோ, வெண்மையாகவோ, சீழ் கலந்தோ இருந்தால் கருப்பையில் நோய் இருக்கிறது. நஞ்சுக்கொடி தங்கிய மாடுகளிலும், கன்றை முரட்டுத்தனமாக இழுத்தெடுத்த மாடுகளிலும் இது அதிகம். இப்பருவத்தில் கருவூட்டாமல் சிகிச்சை பெற்று, வழும்பு தெளிந்த பிறகு அடுத்த பருவத்தில் கருவூட்ட வேண்டும். வழும்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாலே தெளிவும் கலங்கலும் தெரியும்.

சினை மாடுகளிலும் சில, பருவத்துக்கு வந்ததுபோல் கத்தும். முன்பு கருவூட்டிய மாடு என்றால் அதைக் கருவூட்டுபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சினை மாட்டுக்குக் கருவூட்டினால் கருப்பை வாயின் அடைப்பு உடைந்து கரு கலையலாம்.

எலும்பு தெரிய இளைத்த மாடு பருவத்துக்கே வராது. தன் உயிரைக் காக்கவே தீனி போதாதபோது அதன் உடல் கருவைத் தாங்க முன்வராது. அதற்கு முதல் மருந்து தீனியே.

உப்பு வேறு, தாது உப்பு வேறு

மரக்காணம் பகுதியில் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கொடுங்கள் என்றால், "எங்களிடம் இல்லாத உப்பா?" என்று கேட்பது வழக்கம். இங்குதான் பெரும் தவறு நேர்கிறது. பாத்தியில் விளையும் உப்பில் மாட்டுக்கு வேண்டிய சோடியமும் குளோரினும் உண்டு. ஆனால் கரு முட்டை வளரவும் கரு தங்கவும் வேண்டிய மணிச்சத்து, தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை அதிலிருந்து போதுமான அளவில் கிடைக்கா. வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்கு மணிச்சத்தும் உயிர்ச்சத்து ஏ-யும் குறைவாகவே கிடைக்கும். ஆகவே கறவை மாட்டுக்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையை அடர் தீவனத்தில் கலந்து கொடுங்கள். கருவூட்டும் வாரத்தில் மட்டும் கொடுப்பதால் பயனில்லை. கன்று ஈன்றது முதலே தொடர வேண்டும்.

பசுந்தீவனத்துக்கு நல்ல நீர் உள்ள மூலையில் கம்பு நேப்பியர்ப் புல்லும் வரப்பில் அகத்தியும் வளர்க்கலாம். சற்று உவர்ப்பான ஈர நிலத்தில் எருமைப்புல் வளரும். மணிலாக் கொடியை மழையில் நனைய விடாமல் போர் போட்டு வைத்தால் புரதம் மிக்க தீவனமாகும். பூசணம் பிடித்த கொடியை மட்டும் கொடுக்காதீர்கள்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கழுவெளி ஏரியை ஒட்டிய கிணறுகளிலும் கோடையில் பல ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் உவர்க்கிறது. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை உப்பு கரைந்த நீர் மாட்டுக்குத் தாழ்வில்லை. 5,000 மில்லிகிராமைத் தாண்டும் நீரைச் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் தவிர்ப்பது நலம். 7,000-ஐத் தாண்டினால் அறவே கூடாது. மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைச் சோதிக்கும்போது தரும் மின்கடத்து திறன் அளவை 640-ஆல் பெருக்கினால் இந்த மில்லிகிராம் கணக்கு ஏறக்குறைய கிடைக்கும். நீர் உவர்ப்பாக இருந்தால் தீவனத்தில் தனியாக உப்புச் சேர்ப்பதை நிறுத்துங்கள். தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள்.

எந்த மாதத்தில் கருவூட்டுவது?

கோடை வெப்பத்தில் பருவ அறிகுறி மங்குகிறது, பருவமும் குறுகுகிறது, கருத்தரித்தாலும் முதல் வாரத்திலேயே கரு அழிவதுண்டு. அயல் இனக் கலப்பு மிகுந்த மாடுகள் இன்னும் கூடுதலாகத் துன்புறும். ஆகவே குளிர்ந்த மாதங்களே ஏற்றவை. இது உப்பளக் குடும்பத்தின் தேவைக்கும் பொருந்தி வருவதைப் பாருங்கள்.

ஒரு பசு செப்டம்பர் 10-இல் கன்று ஈன்றதாகக் கொள்வோம். கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப இடங்கொடுத்து, 60 நாட்கள் கழித்து நவம்பர் 10 வாக்கில் முதல் முறை கருவூட்டலாம். தவறினால் டிசம்பர் 1, அதுவும் தவறினால் டிசம்பர் 22 என மூன்று வாய்ப்புகள் குளிர்ந்த காலத்திலேயே கிடைக்கின்றன. பசுவின் சினைக் காலம் ஏறக்குறைய 280 நாட்கள். ஆகவே அடுத்த ஈற்று ஆகஸ்டு 17-க்கும் செப்டம்பர் 28-க்கும் இடையில் அமையும். உப்பள வேலை நிற்கும் அக்டோபரில் மாடு நிறைகறவையில் இருக்கும். இந்த மூன்று மாதங்களில் வீட்டில் ஆட்கள் இருப்பதால் பருவத்தைப் பார்க்கவும் ஓய்வு கிடைக்கும்.

இதற்காகக் கோடையில் பருவத்துக்கு வரும் மாட்டைச் சும்மா விட வேண்டும் என்பதில்லை. தென்னங்கீற்று அல்லது பனையோலைக் கொட்டகை நிழலும், காற்றோட்டமும், காலை மாலைக் குளிர்ந்த நேரத்தில் தீனியும், எந்நேரமும் குடிநீரும் கொடுத்துக் கருவூட்டுங்கள்.

கருவூட்டும் நாளில்

உச்சி வெயிலில் மாட்டை நெடுந்தூரம் ஓட்டிப் போகாதீர்கள். நிழலில் சற்று இளைப்பாறிய பிறகே கருவூட்டச் செய்யுங்கள். விந்துக் குழலை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். கையில் தேய்த்தோ, உடம்புச் சூட்டிலோ உருக்கினால் விந்தணுக்கள் கெடும். உருக்கியதும் தாமதிக்காமல் செலுத்த வேண்டும். வெந்நீர் கொண்டு போய்க் கொடுத்து இதை நீங்கள் பணிவாகக் கேட்கலாம்; தவறில்லை. குழலில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணையும் இனத்தையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிடேரிக் கன்றே தரும் பால் பிரித்த விந்தும் இப்போது கிடைக்கிறது. அதில் விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவு என்பதால், ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் ஆரோக்கியமான கிடேரிகளுக்கே அது ஏற்றது. தொடர்ந்து சினைப்பிடிக்காத மாட்டுக்கு அதைக் கேட்காதீர்கள்.

கருவூட்டிய மாட்டைப் படுக்கவிடக் கூடாது என்று கட்டி நிறுத்துவது தேவையற்றது. அடிக்காமல், ஓட்டாமல், நிழலில் கட்டித் தீனி வையுங்கள். 21-ஆம் நாளையொட்டி மீண்டும் கத்துகிறதா என்று பாருங்கள். கத்தாவிட்டாலும் சினை என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களில் மருத்துவரைக் கொண்டு சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊமைப் பருவத்தைச் சினை என்று நம்பி எட்டு மாதம் காத்திருந்து ஏமாறுவோர் உண்டு.

உழவர் பெருமக்களே! சினை நிற்காத மாடு ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது மாட்டோடு நான்கு செய்திகளையும் கொண்டு போங்கள்: கடைசியாக ஈன்ற தேதி, பருவம் வந்த தேதிகள், பருவம் நீடித்த நேரம், வழும்பின் நிறம். மருத்துவர் குறையைக் கண்டுபிடிக்க இவை பேருதவி செய்யும். தீவனப் பயிர்கள் பற்றிய ஆலோசனைக்குத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கருவூட்டல் கைகொடுக்கும் கருவிதான். ஆனால் பருவத்தைக் கண்டு சொல்லும் கண்ணும், தாது உப்பு வைக்கும் கையும் உங்களுடையவை. இவை மூன்றும் சேர்ந்தால், உப்பளத்தில் மழைநீர் நிற்கும் அடுத்த பருவத்தில் உங்கள் வீட்டுக் கொட்டகையில் பால் சொம்பு நிறையும்.